பேய் கிழித்த கடதாசி

எங்கள் படம் மட்டமான படம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி வந்து சொல்ல வேண்டாம். பேய்க்கு மீசை இருந்தது. வெள்ளைச் சேலைக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிந்தது. இரத்தம் என்று ஊற்றியது கடையில் வாங்கிய சர்பத். பேயைக் கண்ட பூசாரி வேட்டி அவிழ ஓடுவார். பேய் அந்த வேட்டியை எடுத்து மூக்கைச் சிந்தும். அந்த இடத்தில் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் பெயர் கஜேந்திரன். லிந்துலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறேன். வீடு ஏழுமதகுத் தோட்டத்து மேட்டு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பராக்களில் நாலாவது. வாரக் கடைசியில் மட்டும் நான் டைரக்டர். பேயாக நடித்தவன் அழகன், அவனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. படத்தை வெட்டி ஒட்டுவது பஸ்லான். டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான், அண்ணன் என்பதற்கு என்னை நானா என்று கூப்பிடுவான். மூன்று பேர், ஒரு போன், அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட், அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

மட்டமான படம் என்றேனே தவிர, உதவாத படம் என்று சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் வெள்ளைச் சேலைக்காரி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு கதை எங்கள் அப்பா காலத்திலிருந்தே உண்டு. ஆறு மணிக்கு மேல் பொம்பிளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். எங்கள் படம் யூடியூபில் வந்த பிறகு, என் மகள் சுலக்ஷனா, கக்கூசுக்குப் போக அம்மாவை எழுப்பிக்கொண்டிருந்தவள், தனியாகப் போய் வந்தாள். "தொட்டிப் பேயிக்கு மீச இருக்குப்பா, அது அழகன் மாமா" என்றாள். எந்தப் பூசாரியும் கட்ட முடியாத பேயை நாங்கள் ஒரு சர்பத் போத்தலோடு விரட்டிவிட்டோம். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இருக்கட்டுமே, அது உண்மைதானே.

ஆனால் பயத்தில் பொய்ப் பயம் உண்டு, மெய்ப் பயம் உண்டு. இரண்டுக்கும் ஒரே வேட்டியைத்தான் நாங்கள் கட்டிவிட்டு அவிழ்த்தோம். அங்கேதான் வந்தது வினை.

கடைசிக் காம்பராவில் சண்முகவடிவு பெரியம்மா தனியாக இருந்தார். ஒரே மகள் ஜெயந்தினி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். கொழுந்துச் சாக்கோடு மலையில் சறுக்கி விழுந்ததில் பெரியம்மாவுக்கு இடது கால் மடங்காது. அந்தக் காலை ஒரு பக்கமாக வீசி, நின்று, மறுபடி வீசித்தான் நடப்பார். அவருடைய காம்பராவின் பின்சுவர் மலையை வெட்டிய மண்திட்டுக்கு நேர் எதிரே. அந்தச் சுவரில் கீழிருந்து மேலாக ஒரு வெடிப்பு ஓடியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கீழ்ப்பிரிவில் மண் சரிந்தபோது வந்த ஓர் உத்தியோகத்தர் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு விஷயம் சொன்னார். வெடிப்புக்குக் குறுக்கே கடதாசித் துண்டை ஒட்டி வையுங்கள், கடதாசி கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், சட்டி பானையைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். செய்தது பெரியம்மா ஒருவர்தான். அப்பியாசக் கொப்பிக் கடதாசியைக் கிழித்து, கோதுமை மாப் பசையால் ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதுவார். காலையில் சுவரில் காதை வைத்துக் கேட்பார். பிறகு பீலிக்கு வந்து, தண்ணீர் பிடிக்க நிற்கிற பொம்பிளைகளிடம், "சொவரு பேசுது. வெளிய வாங்கடி, மண்ணு வரப்போகுது" என்பார்.

யாரும் கேட்கவில்லை. அவர்கள் மேலும் பிழை சொல்ல முடியாது. மழை என்றால் பள்ளிக்கூடத்துக்கு ஓடு என்று இரண்டு தடவை ஓடியிருக்கிறோம். மூன்று நாள் சிமெந்துத் தரையில் படுத்துவிட்டு வந்தால் மலை அங்கேயே இருந்தது, கோழிகளைத்தான் காணவில்லை.

எங்கள் படத்தை யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது, தொட்டிச் சேலைக்காரியை வைத்து எனக்குப் புதுமாதிரியாக ஒரு பேய் தேவைப்பட்டது. வெறும் வெள்ளைச் சேலை எல்லாப் படத்திலும் இருக்கிறது. இழுத்து இழுத்து நடக்கிற பேய், சுவரில் காதை வைத்துக் கேட்கிற பேய், "வெளிய வாங்கடி" என்று கூப்பிடுகிற பேய். கடதாசித் துண்டுகளால் சுவருக்குள் கட்டி வைத்த பேய், கடதாசி கிழிந்தால் வெளியே வரும். கதை தானாக வந்து மடியில் விழுந்தது. ஒரு நாள் பெரியம்மாவுக்குத் தெரியாமல் பின்னால் நின்று போனில் எடுத்து, அழகனுக்கு அந்த நடையைப் பழக்கினேன். இடுப்பில் படங்குச் சாக்கையும் கட்டிவிட்டேன், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கட்டுவது போல. அந்தக் காட்சியைப் பஸ்லானின் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தோம்.

சித்திரையில் கோயில் மண்டபத்தில் படத்தைப் போட்டோம். பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூசாரியின் வேட்டி அவிழ்ந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் பேய் நடந்து வந்தது. "அட, நம்ம வடிவுக்கா நட!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் அதிர்ந்தது. பெரியம்மா சிரித்த வாயோடு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்தார். திரைக்கு முன்னாலேதான் அவர் போக வேண்டியிருந்தது. திரையில் பேய் காலை வீசி நடக்க, கீழே அவர் காலை வீசி நடக்க, சனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிதாகவே சிரித்தேன்.

அன்றிலிருந்து அவர் பீலிக்கு வருவதில்லை. ஊரெல்லாம் அடங்கிய பிறகு தண்ணீர் பிடித்துக்கொள்வார். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் விளையாட்டாகிவிட்டது. கடதாசியைக் கிழித்துவிட்டு, "பேய் வருது, வெளிய வாங்கடி" என்று காலை இழுத்து ஓடுவார்கள். பெரியம்மா மறுபடி ஒட்டுவார், அவர்கள் மறுபடி கிழிப்பார்கள். வைகாசி முடிவில் ஒட்டுவதை விட்டுவிட்டார். நானும் பார்த்தேன். பிள்ளைகளை அதட்டவில்லை, எங்கள் படத்துக்குச் செலவில்லாத விளம்பரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாகத்தை ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை எடுத்தோம். பத்து நாளாக மழை. அன்று மட்டும் மதியம் வானம் வெளித்திருந்தது. பெரியம்மாவின் கதவு சாத்தியிருக்க, அவருடைய பின்சுவரில் நானே என் கையால் ஏழு துண்டுக் கடதாசி ஒட்டினேன். பேய் கிழிக்கிற காட்சி அது. பசை காய வேண்டும் என்று தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் ஏழும் கிழிந்திருந்தன.

பிள்ளைகள் என்றால் பிய்த்து எடுப்பார்கள். இதில் எதுவும் பிய்ந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டியபடியே இருக்க, ஒவ்வொன்றும் சரியாக நடுவில் கிழிந்திருந்தது. அன்று பிள்ளைகள் எல்லோரும் கோயிலில் அறநெறி வகுப்பில் இருந்தார்கள்.

"நம்ம பேயி டூட்டிக்கு வந்துருச்சுண்ணே" என்றான் அழகன். சிரித்தோம். புதிதாக ஏழு ஒட்டி, காட்சியை எடுத்து முடித்தோம். தொட்டியிலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் சேற்று நிறத்தில் ஓடியது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

அந்தியில் பஸ்லானின் கடையில் உட்கார்ந்து எடுத்ததைப் பார்த்தோம். தேத்தண்ணி குடிக்கப் போகும்போது நான் போனை நிறுத்த மறந்திருந்தேன். ஸ்டாண்டில் நின்று அது சுவரையே எடுத்துக்கொண்டிருந்தது. சுவர், வெடிப்பு, ஏழு கடதாசி. பஸ்லான் வேகமாக ஓட்டிப் பார்த்தான். ஒரு ஆள் வரவில்லை, ஒரு கோழிகூட வரவில்லை. பதினோராவது நிமிடத்தில் கீழ்க் கடதாசி இறுகியது. சுருக்கமெல்லாம் போய் விறைத்து நின்றது. பிறகு நடுவில் ஒரு முடி அளவு கீறல் விழுந்து, மெல்ல மெல்ல அகன்றது. அடுத்து அதற்கு மேலுள்ளது. அதற்கப்புறம் அதற்கு மேல். யாரோ படியேறுவது போல ஒன்றன் பின் ஒன்றாக ஏழும் கிழிந்தன. சத்தமே இல்லை.

அத்தனை பேய்ப் படம் பார்த்த எனக்கு, பேய் இல்லாத அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை.

"நானா, இதுதான் நம்ம ரெண்டு படத்துலயும் நல்ல சீன். இத அப்பிடியே போடுவோம்" என்றான் பஸ்லான்.

"டேய், அது சீன் இல்லடா" என்றேன்.

அன்றிரவே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை விடிந்ததும் நான் கதவு கதவாகப் போனேன். அந்தக் காட்சியைப் போனில் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். "நூல் கட்டி இழுத்தீங்களா தம்பி?" என்று கேட்டார் அம்மாக்கண்ணு அக்கா. "போன படத்த விட இது டாப்பு" என்றார் அவருடைய புருசன். "அக்கா, சத்தியமா சொல்றேன், மண்ணு வருது, வெளிய வாங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த காம்பராவிலிருந்து ஒரு பொடியன், "வெளிய வாங்கடி!" என்று காலை இழுத்துக்கொண்டு ஓடினான். அம்மாக்கண்ணு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்க வைக்கத்தானே நான் கற்றுக்கொடுத்தேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் எல்லோர் தலையிலும் போட்டிருந்தேன்.

தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். "படத்துக்கு வெளம்பரமா கஜேந்திரன்? நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் வாங்க" என்று வைத்துவிட்டார்.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன் என்றேனே, அது முழு உண்மை இல்லை. என் வீட்டை விட்டால் பத்துக் கதவுதான். பன்னிரண்டாவது கதவுக்கு முன்னால் போய் நின்றேன், தட்டவில்லை. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். வெட்கம்தான் அன்று வென்றது. எல்லோரும் கிளம்பினால் அவரும் கிளம்பிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது என் மனைவி வினோதாதான் சொன்னாள். "ஒங்க பேச்சுக்கு யாரும் வரமாட்டாங்க. ஒங்க படத்துக்குன்னா வருவாங்கல்ல?"

அதுதான் எங்கள் மட்டமான படத்தின் பலம். பத்து மணிக்குச் சொல்லி அனுப்பினோம்: இரண்டாம் பாகம், மூன்று மணிக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மண்டபத்தில், இலவசம், வடையும் தேத்தண்ணியும் உண்டு. படம் பாதிதான் முடிந்திருந்தது. பஸ்லான் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் கலந்து ஏதோ ஒன்றைத் தைத்துக் கொண்டு வந்தான். கொட்டுகிற மழையில், குடை பிடித்து, பிள்ளைகளைத் தூக்கி, படுக்கையில் கிடந்த மூக்கன் தாத்தாவைக்கூட நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சனம் பாலத்தைத் தாண்டி வந்தது. உயிருக்குப் பயந்து வராத சனம் பேயைப் பார்க்க வந்தது. வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். ஐம்பத்து மூன்று பேர். ஒருவர் மட்டும் இல்லை.

படம் தொடங்கியதும் நான் திரும்பி ஓடினேன்.

லயம் வெறிச்சோடிக் கிடந்தது. நாய்களைக்கூடக் காணவில்லை. வாய்க்காலில் தண்ணீர் நின்று போயிருந்தது. அவ்வளவு மழையில், நேற்று வரை சேறாக ஓடியது, இன்று ஒரு சொட்டும் இல்லை. மலை அந்தத் தண்ணீரையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா! கதவத் தொறங்க! நான் கஜேந்திரன்!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னா வேணும்?"

"வெளிய வாங்க பெரியம்மா. கடதாசி கிழிஞ்சிருச்சு. நானே ஒட்டுனது, நானே பாத்தேன்."

"ஒங்க பேயி கிழிச்சிருக்கும்."

அந்த நேரம் பார்த்து ஆற்றுக்கு அப்பாலிருந்து பெரிய சிரிப்பு எழும்பி வந்தது. மழையையும் தாண்டித் தெளிவாகக் கேட்டது. எந்த இடத்துக்கு அப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

"அது என் காலுக்குத்தானேடா?" என்றார்.

"ஆமா பெரியம்மா."

சன்னல் பலகை விரல் அளவு திறந்தது. என் கையிலிருந்த போனை அவர் கண் பார்த்தது. "எடு, நல்லா எடு. நான் நொண்டிக்கிட்டு ஓடியார்றதையும் எடுத்துப் போடு. மூணாம் பாகத்துக்கு ஆகும்."

போனைப் பீலிக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, சேற்றில் முழங்காலிட்டேன். என்னைப் பெற்ற தாயின் காலில்கூட நான் விழுந்ததில்லை. "தப்புத்தான் பெரியம்மா. நீங்க சொன்னதுதான் நெசம். நாந்தான் கேக்கல. அடிக்கணும்னா வெளிய வந்து அடிங்க. வாங்க பெரியம்மா, வாங்க."

அவருடைய குரல் மாறியது, பழைய குரல். "சரி, எந்திரி. நனையாத. இரு, செருப்பப் போட்டுக்கிட்டு வர்றேன்."

அவர் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு வீச்சு, ஒரு நிறுத்தம். ஒரு வீச்சு, ஒரு நிறுத்தம். அழகனுக்கு நான் மூன்று நாள் பழக்கிய அதே தாளம். அதை எண்ணிக்கொண்டு நின்றேன். நாலாவது வீச்சில் பச்சை மண் வாசனை வந்தது. தலைதூக்கிப் பார்த்தேன். கூரைக்கு மேலே தேயிலைச் செடிகள் நிற்கிற நிலையிலேயே, நிரை கலையாமல், கீழே வந்துகொண்டிருந்தன.

நான் ஓடினேன். கதவை உதைத்து உடைத்தேன், அவரைத் தூக்கினேன் என்றெல்லாம் சொல்ல ஆசைதான். ஓடினேன், அவ்வளவுதான்.

மண்டபத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். திரையில் அழகன் சுவரைப் பிளந்துகொண்டு வருகிற காட்சியாம். அந்த நேரம் பார்த்துத் தரை அதிர்ந்து இடி மாதிரி ஒரு சத்தம். "சவுண்டு சூப்பர்!" என்று யாரோ விசிலடிக்க, ஐம்பத்து மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தார்களாம். ஜன்னல் கண்ணாடி விழுந்து உடைந்த பிறகுதான் சிரிப்பு நின்றதாம்.

ஆறு காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. பெரியம்மாவை இரண்டாம் நாள் எடுத்தார்கள். காலில் ஒரு செருப்பு இருந்தது.

இப்போது எல்லோரும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறோம். என்னைக் கண்டால் கும்பிடுகிறார்கள். படம் காட்டி உசுரைக் காப்பாற்றிய புள்ளை என்று அம்மாக்கண்ணு அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்துப் போனார். எனக்கு அந்தக் கும்பிடு எரிகிறது. நான் யாரையும் எச்சரிக்கவில்லை. எச்சரித்தவர் ஒருவர்தான். அவரைத்தான் பேயாக்கி அவர்களுக்குக் காட்டினேன்.

கருமாதிக்கு வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. வீட்டில் இருந்ததெல்லாம் மண்ணோடு போய்விட்டது. ஜெயந்தினிக்குக் குவைத்திலிருந்து வர விடுமுறை கிடைக்கவில்லை. அவளுடைய போனும் போன வருடம் களவு போய், தாயின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. "அண்ணே, நீங்க படமெல்லாம் எடுப்பீங்கல்ல, அம்மா எதுலயாவது இருப்பாங்களா?" என்று வினோதாவின் போனுக்குக் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள்.

ஒன்றே ஒன்று இருந்தது. நடை பழக்க எடுத்த அந்தக் காட்சி. பஸ்லானின் கடைக்குப் போய்த் திறந்து பார்த்தேன். காலை வெயிலில் பெரியம்மா காலை வீசி நடந்து போய்ச் சுவரில் காதை வைக்கிறார். கண்ணை மூடிக் கேட்கிறார். பிறகு சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துவிடுகிறார். கோபப்படவில்லை. "என்னாடா எடுக்குற? அத வச்சிட்டு இங்க வா. வந்து காத வச்சுக் கேளு" என்கிறார். போனுக்குப் பின்னாலிருந்து என் சிரிப்பு கேட்கிறது. அவர் பேசி முடிக்கும் வரை கேட்கிறது.

"சிரிப்ப மட்டும் வெட்டித் தாடா" என்றேன் பஸ்லானிடம்.

அவன் முயன்று பார்த்துவிட்டு முடியாது என்று தலையசைத்தான். "ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கெடக்கு நானா. சிரிப்ப எடுத்தா அவங்க பேச்சும் போயிரும்."

முகத்தை மட்டும் படமாக வெட்டிக் கருமாதிக்குக் கொடுத்தேன். ஜெயந்தினிக்கு முழுவதையும் அப்படியே அனுப்பினேன். அவளுக்குத் தாயின் குரல் வேண்டும். அவள் பார்த்ததாகப் போன் காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு வரி வந்தது.

"நீங்க போயி காத வச்சுக் கேட்டீங்களா அண்ணே?"

இல்லை தங்கச்சி என்று எழுதி அனுப்பினேன்.